பழைய சீனக் கடவுச்சீட்டு ஒன்றை எப்படி வாசிப்பது? ஒரே ஆளுக்கு இரண்டு வயதும் இரண்டு பெயரும் ஏன்?

கொச்சிக்கடை வாசகி கேட்டது

வணக்கம். கொழும்பில் மூன்று தலைமுறையாக இருக்கும் சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் காகிதங்களுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஒரு சிறு கண்காட்சியில் வைக்கப் போகிறோம். மேசையில் இருப்பவை நான்கு.

முதலாவது, நான்காய் மடித்த பெரிய தாள். ஓரத்தில் ஓர் ஆணின் படம். படத்தில் பாதி, தாளில் பாதியாக ஒரு சிவப்புச் சதுர முத்திரை. சீன எழுத்தில் திகதி. வாசித்துச் சொன்னவர் 'மின்குவோ 14, ஐந்தாம் மாதம்' என்றார். வயது 28. பின்புறம் சீனாவின் ஹூபெய் மாகாணத்து ஹாங்கோ நகரில் இருந்த பிரித்தானிய கொன்சலின் விசா, சிலோன் என்று குறித்து.

இரண்டாவது, அதே ஆளின் 1936 திருமணப் பதிவுப் பிரதி. அதில் வயது 37. முதற்காகிதப்படி 1897, இதன்படி 1899. எது சரி?

மூன்றாவது, 1947இல் கொழும்பில் பிறந்த மகனின் பிறப்புச் சான்றிதழ். தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளதுபோல் இல்லை. நான்காவது, 1975இல் பிறந்த பேரனுடையது. பாட்டனார், பூட்டனார் விபரம் கேட்கும் கூடுகளில் வெறும் கோடு.

சீனாவை விட்டுப் போவதே ஒரு காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் இந்தக் கடவுச்சீட்டு எப்படி வந்தது? தகப்பன் கொழும்பிலேயே பிறந்திருந்தும் பேரன் ஏன் 2008 வரை நாடற்றவர்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள். குறிப்பில் பிழை விட எனக்கு விருப்பமில்லை.


தாள்_மடிப்பு எழுதியது

திகதியிலிருந்து தொடங்குவோம். மின்குவோ என்பது குடியரசு. 1912தான் அதன் முதலாம் ஆண்டு, ஆகவே ஆண்டு எண்ணோடு 1911ஐக் கூட்டினால் போதும். 14 என்றால் 1925. மாதமும் நாளும் நம் நாட்காட்டிதான், ஏனென்றால் 1912இலேயே குடியரசு சூரிய நாட்காட்டியை அரச பாவனைக்கு எடுத்துக்கொண்டது. சிங் மன்னர் காலத்துக் காகிதம் கையில் வந்தால் கணக்கு மாறும், ஆண்டை மன்னரின் ஆட்சிப் பெயரால் எண்ணியிருப்பார்கள்: குவாங்சூ ஆண்டுக்கு 1874ஐயும் சுவான்தோங் ஆண்டுக்கு 1908ஐயும் கூட்ட வேண்டும். அங்கே மாதம் சந்திர மாதம்.

வாசித்துச் சொன்னவரை நம்பினாலும் எண்ணை நீங்களே ஒருமுறை பாருங்கள். எழுத்துத் தெரியாமலே பிடிக்கலாம். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் போகும். ஒரு படுக்கைக்கோடு 1, இரண்டு கோடு 2, மூன்று கோடு 3. கூட்டல் குறி போன்றது 10. பத்துக்குக் கீழே நான்கின் எழுத்து இருந்தால் 14. நான்கு மேலே, பத்து கீழே என்றால் 40. அவசரத்தில் புரட்டி வாசிக்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு நிமிர்கோட்டைக் குறுக்குக்கோடு வெட்டி, அடியை மூடினாற்போல் இருந்தால் அது 20. திருத்த முடியாதபடி எழுத வேண்டிய இடங்களில் 1, 2, 3க்குக் கூட கோடுகள் அடர்ந்த வேறு எழுத்துகளைப் போடுவார்கள், நாம் காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதுவதுபோல.

இனி வயது. சீன வழக்கில் பிறந்த குழந்தைக்கு அன்றே ஒரு வயது. பிறகு பிறந்தநாளில் அல்ல, சந்திரப் புத்தாண்டு தோறும் ஒன்று கூடும். எனவே பிறந்த சந்திர ஆண்டைக் காண, காகிதத்தின் ஆண்டிலிருந்து வயதைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். 1925 - 28 + 1 = 1898. அந்தச் சந்திர ஆண்டு 1898 ஜனவரி 22இல் தொடங்கி 1899 பெப்ரவரி 9இல் முடிகிறது. அதன் கடைசி வாரங்களில், அதாவது 1899 ஜனவரியில் பிறந்த ஒருவருக்கு 1936இல் நம் கணக்கில் 37 வயது. உங்கள் இரண்டு காகிதமும் அங்கே பொருந்திவிடுகின்றன! 1925 மே மாதம் அவருக்கு நம் கணக்கில் 26. தாளில் 28 என்றிருப்பது பொய்யல்ல.

ஆனால் இதை வைத்தே '1899 ஜனவரியில் பிறந்தார்' என்று எழுதிவிடாதீர்கள். திருமணப் பதிவாளரிடம் எந்தக் கணக்கில் வயது சொன்னார் என்பது காகிதத்தில் இல்லை. 'சந்திர ஆண்டு 1898, அதாவது 1898 ஜனவரி முதல் 1899 பெப்ரவரி வரை' என்று எழுதினால் எவரும் குறை சொல்ல முடியாது. கல்லறையிலோ வீட்டு வழிபாட்டுப் பலகையிலோ பிறந்த ஆண்டு இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அங்கே 60 ஆண்டுச் சுழற்சியில் எழுதியிருப்பார்கள், நமது பிரபவ விபவ போலவே. 60ஐக் கூட்டியும் கழித்தும் பொருந்துவதை எடுக்க வேண்டும்.

அடுத்தது ஊர். படிவத்தில் மாகாணம், மாவட்டம் என்று வரும் கூட்டை 'பிறந்த இடம்' என்று மொழிபெயர்ப்பது வழமையான பிழை. அது பூர்வீக ஊர், தகப்பன் வழி மூதாதையர் ஊர். கொழும்பில் பிறந்தவருக்கும் சீனக் காகிதத்தில் ஷாண்டோங் என்றோ ஹூபெய் என்றோதான் எழுதப்படும். ஆங்கிலப் பகுதியில் ஷான்டுங், ஹூபே என்று பழைய தபால் எழுத்தொழுங்கில் இருக்கும். இன்றைய வரைபடத்தில் தேடும்போது அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயர். குடும்பப் பெயர் முதலில், பிறகு இரண்டு அசை. கொழும்புப் பதிவாளர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துவிட்டால் தகப்பனுக்கும் மகனுக்கும் வேறு வேறு 'குடும்பப் பெயர்' வந்துவிடும். போதாததற்கு உச்சரிப்பு: ஒரே எழுத்து வட சீனத்தில் சென், ஹொக்கியனில் தான், கான்டனில் சான். ஹூபெய், ஷாண்டோங் ஆட்களுக்கு இந்தத் தென்சீன வடிவங்கள் வராது. அவர்களுக்கு வருவது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டு. இன்று 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் பெயர் அன்று 'எச்-எஸ்' என்று தொடங்கும். இன்றைய 'இசட்-எச்' அன்று வெறும் 'சி-எச்'. ஆகவே ஆங்கில வடிவத்தைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். நான்கு காகிதத்திலும் சீன எழுத்தில் கையொப்பமோ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஆளை ஆளோடு சேர்க்கும் கயிறு.

இன்னொன்று. விசாவின் திகதி வந்திறங்கிய திகதி அல்ல. இறங்கிய துறைமுகத்தின் முத்திரை தனியாக இருக்கும், பெரும்பாலும் மடிப்பில் தேய்ந்துபோய். அது இல்லாவிட்டால் '1925இல் விசா பெற்றார்' என்பதோடு நிறுத்துங்கள்.


கப்பல்துறை எழுதியது

மரண தண்டனை பற்றிப் படித்தது சரிதான். ஆனால் அந்தக் கதையை முழுதாகப் பார்த்தால்தான் உங்கள் தாள் எவ்வளவு பிந்திய காலத்துப் பொருள் என்று விளங்கும்.

மிங் அரசு 1371இலேயே தனியார் கடல் வணிகத்தைத் தடுத்துவிட்டது. அதே அரசுதான் பிறகு ஷெங் ஹேயைப் பெருங்கப்பற்படையோடு அனுப்பியது. அந்தப் படை விட்டுச்சென்ற மும்மொழிக் கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. அரசன் ஆள் கடல் கடக்கலாம், குடியானவன் கடக்கக்கூடாது என்ற காலம் அது. உங்கள் கண்காட்சிக்கு வருகிறவர்களை அந்தக் கல்லின் முன்னும் போய் நிற்கச் சொல்லுங்கள்.

சிங் காலத்தில் சட்டம் இன்னும் இறுகியது. அனுமதியின்றிக் கடல் கடந்தால் தலை போகும் என்றே சட்டக்கோவை சொன்னது. 1717இல் காங்சி மன்னர் தென்கடல் நாடுகளுக்குப் போவதைத் தடுத்தார், 1727இல் வணிகத்துக்காகத் தடை தளர்ந்தது. போய்த் தங்கிவிடுவதுதான் குற்றமாகவே நின்றது. ஆனாலும் ஃபூஜியனிலும் குவாங்டோங்கிலும் இருந்து ஆண்டுதோறும் பருவக்காற்றோடு பாய்க்கப்பல்கள் போயின. சட்டம் தடுத்தது போவதையல்ல, திரும்பி வருவதை என்றே சொல்லலாம். திரும்பியவன் கையில் பணம் இருக்கும், தலைமேல் குற்றம் இருக்கும். உள்ளூர் அதிகாரி மிரட்டிப் பறிக்க அது போதும்.

இதை உடைத்தது போர். இரண்டாம் அபினிப் போரில் தோற்ற பிறகு, 1860 பீக்கிங் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, சீனக் குடிகள் வெளிநாட்டில் வேலை ஒப்பந்தம் செய்து போகலாம் என்று ஏற்க வைத்தது. 1868இல் அமெரிக்காவோடு செய்த பர்லிங்கேம் உடன்படிக்கை, ஆள் இடம்பெயர்வதும் நாட்டை மாற்றிக்கொள்வதும் பிறப்புரிமை என்றே எழுதியது. இத்தனைக்கும் உள்நாட்டுச் சட்டக்கோவையில் பழைய தடை அப்படியே கிடந்தது! அதை எடுத்தது 1893இல்தான். சிங்கப்பூரில் கொன்சல் நாயகமாக இருந்த ஹுவாங் சுன்சியான், திரும்பி வருகிறவர்கள் படும் பாட்டை எழுதி அனுப்ப, லண்டனில் தூதராக இருந்த சூ ஃபுசெங் அதை அரசவையில் விண்ணப்பமாக வைத்தார். அந்தச் செப்டெம்பரில் தடை நீங்கியது.

இடைப்பட்ட காலத்தில் போனவர்கள் எந்தக் காகிதத்தோடு போனார்கள்? பெரும்பாலானவர்கள் ஒன்றும் இல்லாமல். மலாயாவுக்குப் போனவர் கடன்சீட்டு முறையில் போனார்: கப்பல் கூலியைத் தரகர் கட்டுவார், இறங்கியதும் முதலாளி அந்தக் கடனை வாங்கிக்கொள்வார், ஆள் உழைத்துக் கழிக்க வேண்டும். நம் கங்காணி முறையின் முன்பணக் கடனைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களில் கடனை ஒரு சீட்டில் எழுதி ஆளைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது. கியூபாவுக்கும் பெருவுக்கும் 1847 முதல் 1874 வரை போன இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கையில் எட்டாண்டு ஒப்பந்தத் தாள் இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை, கட்டியது. 1874இல் சென் லான்பின் தலைமையில் கியூபாவுக்குப் போன சீன ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாக்குமூலத்தைப் பதிந்தது. அந்தப் பதிவுகளை முழுதாக வாசிக்க மனது கேட்காது.

'ஹூசாவ்' என்று உங்கள் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதியிருக்கும். இன்றும் கடவுச்சீட்டுக்கு அதே சொல்தான். ஆனால் 1858 தியென்சின் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவில் கடவுச்சீட்டு என்பது சீனாவின் உட்பகுதிக்குப் போகும் வெளிநாட்டவனுக்கானது: அவன் நாட்டுக் கொன்சல் கொடுக்க, உள்ளூர் அதிகாரி ஒப்பமிடுவார். அந்நியன் உள்ளே நடமாடுவதற்கான காகிதம், ஐம்பது அறுபது ஆண்டில் சொந்தக் குடிமகன் வெளியே போவதற்கானதாக மாறியது.

1925இல் நாட்டின் உத்தியோகபூர்வ அரசு பீக்கிங்கில். மாகாணங்களில் வெளிநாட்டு விவகார ஆணையாளரின் காரியாலயம்தான் கடவுச்சீட்டு கொடுத்தது. உங்கள் சிவப்பு முத்திரை அப்படிப்பட்ட ஒன்றாக இருக்க இடமுண்டு. முத்திரையின் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கொடி அச்சிட்டிருந்தால் ஐந்து நிறப் பட்டைக் கொடியாக இருக்க வேண்டும். நீல வானில் வெண்சூரியன் வந்தால் அது 1928க்குப் பிந்திய நான்கிங் அரசின் அச்சு, அப்போது மின்குவோ 14 என்று வாசித்ததில் பிழை இருக்கிறது.


மருதானை 77 எழுதியது

அருமையான விளக்கம் அண்ணா. ஒரு கேள்வி. 1882இல் அமெரிக்கா சீனரை முற்றாகத் தடை செய்ததால்தான் அவர்கள் நம் பக்கம் வந்தார்கள் என்று சொல்வது சரியா?


தாள்_மடிப்பு எழுதியது

இல்லை தம்பி, இரண்டு பக்கமும் சரியில்லை. 1882 மே 6ஆம் திகதிச் சட்டம் தடுத்தது தொழிலாளரை. வணிகர், மாணவர், ஆசிரியர், பயணி ஆகியோருக்கு வழி இருந்தது. தவிர, அமெரிக்காவுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் குவாங்டோங்கின் ஒரு சில மாவட்டத்தார். கொழும்புக்கு வந்த துணி வியாபாரிகளும் பல் கட்டுபவர்களும் ஹூபெய், ஷாண்டோங் பக்கத்தார். வேறு ஊர், வேறு வழி, வேறு தரகர்.

ஆனால் கடவுச்சீட்டின் வரலாற்றுக்கு அந்தச் சட்டம் மிக முக்கியம். வாசகி அக்காவின் குறிப்பில் அதற்கு நாலு வரி இருக்க வேண்டும். தொழிலாளி அல்ல என்று காட்ட, 6ஆம் பிரிவின்படி சீன அரசே ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும்: பெயர், பதவி, வயது, உயரம், உடல் அடையாளம், முன்னைய தொழில், இப்போதைய தொழில், வசிக்கும் இடம். 1884 திருத்தம், புறப்படும் துறைமுகத்தில் அமெரிக்க கொன்சல் அதைச் சரிபார்த்து விசா குத்த வேண்டும் என்றது. இன்று நாம் எந்தத் தூதரகத்தில் விசாவுக்கு வரிசையில் நின்றாலும் நடப்பது இதுதான்: எல்லையில் அல்ல, புறப்படும் ஊரிலேயே ஆளைத் தடுப்பது. 1892 கீரி சட்டம் ஏற்கனவே உள்ளே இருந்தவர்களும் வதிவிடச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. 1893 நவம்பர் திருத்தத்தோடு அதில் புகைப்படம் கட்டாயமானது. மற்ற நாட்டுக் கடவுச்சீட்டுகளில் முகப்படம் வந்தது முதலாம் உலகப் போரோடுதான்.

காகிதம் இறுகினால் காகிதத்தையே உண்டாக்குகிறவர்களும் வருவார்கள். 1906 ஏப்ரல் 18 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் நகரின் பிறப்புப் பதிவுகள் அழிந்தன. நான் இங்கே பிறந்தவன் என்று ஒருவர் சொன்னால் மறுக்கப் பதிவேடு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1898 வோங் கிம் ஆர்க் தீர்ப்பின்படி அங்கே பிறந்தவர் குடிமகன், அவர் பிள்ளைகளும் வரலாம். சீனாவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்துவைப்பார்; பிறகு அந்த இடம் வேறொரு பையனுக்கு விற்கப்படும். 'காகித மகன்' என்று பெயர். அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில் நாட்கணக்கில் விசாரித்தார்கள்: வீட்டு வாசலில் எத்தனை படி, கதவு எந்தத் திசை, அரிசிப் பானை எங்கே, கிணறு எத்தனை அடி தூரம், மூன்றாம் வீட்டுக்காரன் பெயர் என்ன. பதில்களைச் சிறு புத்தகமாக எழுதி மனனம் செய்து, கரை தெரியுமுன் கடலில் எறிந்துவிடுவார்கள். உண்மையான மகனும் படி எண்ணிக்கையில் தடுமாறினால் திருப்பி அனுப்பப்பட்டான். 1943இல் சட்டம் நீங்கியபோது கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 105 பேர்.

கனடா தலைவரி வாங்கியது: 1885இல் 50 டொலர், 1900 சட்டத்தில் 100, 1903 சட்டத்தில் 500. கட்டியவருக்குச் சான்றிதழ். 1923 ஜூலை 1 முதல் கதவே மூடியது, 1947 வரை. அவுஸ்திரேலியாவில் 1901 சட்டம் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் எழுதச் சொல்லும் பரீட்சை வைத்தது. ஊருக்குப் போய்த் திரும்ப விரும்பிய சீனர் அதிலிருந்து விலக்குச் சான்றிதழ் எடுத்துப் போக வேண்டும், முகப்படம், பக்கவாட்டுப் படம், பின்னால் மையில் தோய்த்த கை அச்சு. ஒரு பிரதி அவர் கையில், ஒரு பிரதி சுங்கத்தில். இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், தேடுகிற இடம். சீனர்களின் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் சீனக் காப்பகத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். விட்டுப்போன நாடு எழுதிவைத்தது கொஞ்சம். சந்தேகப்பட்ட நாடுகள்தான் கோப்புக் கோப்பாக எழுதின. ஷாண்டோங்கிலிருந்து முதலாம் உலகப் போருக்குப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் கொண்டுபோன தொழிலாளர் படையையும் பாருங்கள். கிட்டத்தட்ட 140,000 பேர். பிரித்தானியப் பிரிவில் மணிக்கட்டில் எண் பொறித்த பித்தளை வளையத்தை ஆணி அடித்து மாட்டி, கைரேகை எடுத்தே கப்பலேற்றினார்கள்.


புதுக்கடை சட்டம் எழுதியது

1975 பேரன் விடயத்துக்கு வருகிறேன், அது சட்டப் பிரிவிலேயே இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். 1947இல் பிறந்த மகனின் தகப்பன் ஹூபெய்யிலிருந்து வந்தவர். ஆக மகன் கொழும்பில் பிறந்தும் பிரஜை அல்ல. நவம்பர் 15க்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி மாறுகிறது: பிறக்கும்போது தந்தை பிரஜையாக இருக்க வேண்டும். 1975 பேரனின் தகப்பன் இங்கே பிறந்தவர், ஆனால் பிரஜை அல்ல. அவனும் வெளியே. இப்படி விட்டால் பத்துத் தலைமுறைக்கும் இதே பதில்தான்.

நம் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழிலும் 'பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின்', 'தந்தை இலங்கையில் பிறக்காது பூட்டனார் இலங்கையில் பிறந்தவராயின்' என்ற கூடுகள் இருக்கின்றனவே, அவை கேட்பது இந்தப் பிரிவு கேட்கும் கேள்வியைத்தான். பேரனின் காகிதத்தில் அந்தக் கோடு எழுதுநரின் அசிரத்தை அல்ல. கண்காட்சியில் அந்தக் கூட்டைப் பெருப்பித்து வையுங்கள்.

மலையகத் தமிழருக்கு என்ன நடந்தது என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அவர்களுக்காக 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இருந்தது, எவ்வளவு கடுமையாக இருந்தாலும். 1964 ஒக்டோபர் 30 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000ஐ 1974இல் பாதிபாதியாக்கினார்கள். கடைசியில் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம். சீன வம்சாவளியினரின் தொகை சிறியது. அவர்களுக்காக எந்த நாடும் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவில்லை. கையில் இருந்த சீனக் குடியரசுக் கடவுச்சீட்டும் செல்லாக்காசானது: இலங்கை 1950 ஜனவரியில் பீக்கிங்கின் புதிய கம்யூனிஸ்ட் அரசை அங்கீகரித்தது, பழைய தாளைக் கொடுத்த அரசு இங்கே அரசாகவே இல்லை. பீக்கிங்கோடு தூதரக உறவு தொடங்கியது 1957இல்.

சீனப் பக்கத்தில் 1909, 1929 சட்டங்கள் இரண்டும் தகப்பன் சீனனென்றால் பிள்ளை எங்கே பிறந்தாலும் சீனன் என்றன. 1955இல் பாண்டுங்கில் இந்தோனேசியாவோடு செய்த உடன்படிக்கையில் பீக்கிங் அரசு அதைக் கைவிட்டு, ஒன்றைத் தெரிவுசெய் என்றது. 1980 சட்டத்தின் 3ஆம் பிரிவு இரட்டைப் பிரஜாவுரிமையை மறுக்கிறது.

தீர்வு 2008இன் 38ஆம் இலக்கச் சட்டம், சீன வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் விசேட ஏற்பாடுகள். 1948 நவம்பர் 15 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவரும் அவர் வழித்தோன்றல்களும் விண்ணப்பிக்கலாம். சிக்கல் அந்தத் திகதியை நிரூபிப்பதில். 1925 விசா வர அனுமதி பெற்றதைக் காட்டும், இங்கே இருந்ததைக் காட்டாது. 1936 திருமணப் பதிவும் 1947 பிறப்புப் பதிவும் சேர்ந்தால்தான் சங்கிலி. அந்த இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும். உங்கள் குறிப்பில் நான்கு காகிதத்தையும் தனித்தனியாக விளக்காமல் இந்தச் சங்கிலியாக விளக்குங்கள். ஒரு குடும்பம் ஏன் இத்தனை காலம் இந்தத் தாள்களைத் தகரப் பெட்டியில் காத்தது என்று அப்போது பார்ப்பவருக்கு விளங்கும்.


கொச்சிக்கடை வாசகி எழுதியது

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதுதான் தாளைச் சாய்த்துப் பார்த்தேன், படத்தின் மூலையில் நிறமில்லாத புடைப்பு முத்திரை ஒன்று இருக்கிறது. கொடி ஐந்து பட்டைதான். மடிப்பில் தாள் பிளக்கத் தொடங்கிவிட்டது, லெமினேட் செய்யலாமா? மலையகப் பக்கமிருந்து வருகிறவர்களுக்காக ஒப்பிட்டுக் காட்டவும் ஏதாவது சொல்லுங்கள்.


கப்பல்துறை எழுதியது

லெமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது, படத்தின் மேற்பரப்பும் போகும். ஒட்டுநாடாவும் வேண்டாம், சில ஆண்டில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். ஈரத் துணியால் துடைக்காதீர்கள்: சிவப்பு முத்திரை எண்ணெய்க் குழம்பில் குத்தியது, ஓரளவு தாங்கும், கொன்சலின் ஊதா ரப்பர் முத்திரை மை ஒரு துளி நீரில் ஓடிவிடும்.

தாளை ஒரே முறை விரியுங்கள், மீண்டும் மடிக்காதீர்கள். அமிலமற்ற இரண்டு அட்டைக்கு நடுவே, தட்டையாக. கொழும்பின் ஈரக் காற்றில் பொலித்தீன் உறை வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் தவிருங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டால் நிறம் மாறியதும் மாற்ற மறக்க வேண்டாம். பிளந்த மடிப்பைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டு, பழக்கமுள்ளவரைக் கொண்டு ஜப்பானியத் தாளும் மாப்பசையும் வைத்துத் திருத்துவதே நல்லது.

ஸ்கேன் 600 டிபிஐ, நிறத்தில், வெற்றுப் பின்புறமும் சேர்த்து. புடைப்பு முத்திரை ஸ்கேனில் விழாது. அறையை இருட்டாக்கி, ஒரு டோர்ச்சைத் தாளின் பக்கவாட்டில் ஏறக்குறைய படுக்கையாகப் பிடித்துக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். எழுத்து நிழலாக எழும்பும். நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். அந்தப் புடைப்பு தாளுக்கும் படத்துக்கும் இடையில் முறியாமல் ஓடினால் படம் மாற்றப்படவில்லை என்று எழுதலாம்.

ஒப்பீட்டுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஆட்களுக்குக் கொடுத்த தகர டிக்கெட்டைப் பக்கத்தில் வையுங்கள். அசல் கிடைக்காவிட்டால் படம் போதும். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் துளைத்த சிறு தகரத் துண்டு, கயிற்றில் கோத்துக் கழுத்தில். பெயர் இல்லை, வயது இல்லை, படம் இல்லை. பயணச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று அறிய அது போதுமாக இருந்தது. 1925 தாளில் உயரம் எழுதிய கூடு ஒன்று இருந்தால் அதையும் இதையும் ஒரே கண்ணாடிக்குக் கீழ் வையுங்கள். குறிப்பு எழுதியதும் இங்கே போடுங்கள், திகதிகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.